ஒன்றரைச் சாண் தூரம்

சிகாமணி மங்கிப்போனது ஒரு வியாழக்கிழமை, ஆயுத பூஜை கழிந்த மூன்றாம் நாள், காலை பதினொன்றேகால் மணிக்கு. இல்லை, வெள்ளிக்கிழமைதான் என்று சாதிக்கிறவர்கள் எங்கள் சாலிகிராமத்துத் தெருவில் உண்டு. அவர்கள் யாரும் அன்றைக்கு அங்கே இல்லை, ஆனால் இல்லாதவர்களுக்குத்தானே எப்போதும் நடந்தது நன்றாகத் தெரியும். நான் இருந்தேன். சினிமாவில் கூட்டத்தில் நிற்கிறவர்களுக்குத் தலை வாரி, ஒட்டுமுடி வைத்து, தலைப்பாகை கட்டிவிடுகிற பாக்கியம் நான்தான். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு, ஒரு மணி நேரத்தில் அறுபது தலை பார்ப்பேன், யாருக்கு எங்கே சுழி என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்வேன். அதனால் கிழமை விஷயத்தில் என்னிடம் யாரும் வாதம் பண்ண வேண்டாம்.

வடபழனியில் ஒரு ஸ்டூடியோவுக்குள் சந்தை செட் போட்டிருந்தார்கள். ஹீரோ முன்னால் நின்று ஒருத்தனைச் சட்டையைப் பிடித்து உலுக்குகிறார், பின்னால் நாற்பது பேர் காய்கறி விற்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள், அந்த நாற்பதில் ஒருத்தராகச் சிகாமணி ஒரு கூடை எலுமிச்சம்பழத்தைச் சுமந்துகொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும். நடந்தார். கேமரா ஹீரோவின் இடது கண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருந்த சந்தையையெல்லாம் மானிட்டரில் கரைத்து வண்ணக் குழம்பாக்கியது. அது அதன் வேலை. டைரக்டர் கட் சொன்னார். மானிட்டரை விட்டு நிமிர்ந்து பார்த்தோம். சந்தை சந்தையாக இருந்தது. கூடை தெரிந்தது, கூடையிலிருந்த எலுமிச்சம்பழம் ஒவ்வொன்றும் காம்போடு தெரிந்தது, கூடையைப் பிடித்திருந்த ஆள் மட்டும் மானிட்டரில் இருந்த மாதிரியே கலங்கலாக, ஈரச் சுவரில் எழுதின எழுத்துப் போல நின்றார்.

"ஏன்யா இப்படி இருக்கே, போய் மூஞ்சி கழுவிட்டு வா," என்றார் கூட்டத்துக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்ட். சிகாமணி போய் மூன்று தரம் கழுவிவிட்டு வந்தார். முகத்திலிருந்து சொட்டின தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது, முகம் தெரியவில்லை. "சரி, சாப்பாட்டுக்கு நேரமாச்சு," என்று ஏஜெண்ட் சொல்ல, எல்லோரும் வரிசையில் போய் நின்றோம். அன்றைக்கு வத்தக்குழம்பு.

இவர் யார் என்று சொல்ல வேண்டும். முழுப்பேர் தெய்வசிகாமணி. கூட்டத்து ஆள். முப்பத்தொரு வருஷத்தில் அவர் நிற்காத கல்யாணம் இல்லை, போகாத ஊர்வலம் இல்லை, அழாத சாவு இல்லை. ஃபிலிம் காலத்தில் ஹீரோவுக்குப் பின்னால் நின்றாலும் மூக்கு முழியாவது தெரியும், அவர் பெண்டாட்டி சம்பூர்ணம் தியேட்டரில் எழுந்து நின்று, "தோ, கம்பத்துக்குப் பக்கத்துல, தோ!" என்று கத்துவாள், பின்னால் இருக்கிறவர்கள் உட்காரு என்பார்கள். அப்புறம் டிஜிட்டல் வந்தது, ஃபிலிமுக்குப் பதிலாகப் படத்தை வாங்கிக்கொள்கிற பெரிய சென்சார் தகடு வந்தது, ஹீரோவின் இமை முடி தெரிந்தால் அவருடைய காதே தெரியாத அளவுக்கு லென்ஸைத் திறந்துவைக்கிற வழக்கம் வந்தது, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகச் சிகாமணி ஒவ்வொரு படத்திலும் கரைந்துகொண்டே போனார். "அந்த மஞ்சக் கறை இருக்குல்ல, ஹீரோயின் தோளுக்கு மேல, அதான் எங்க வீட்டுக்காரர்," என்று சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டாள் சம்பூர்ணம். அப்போதும் எழுந்து நின்றுதான் சொல்வாள்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ஒரு க்ளோசப். வசனம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. "நாளைக்கு நான் செத்தா மாலை போட ஒரு போட்டோ வேணும்ல பாக்கியம்? அது தியேட்டர்ல நாப்பது அடிக்கு இருந்துட்டுப் போகட்டுமே," என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் முப்பத்தொரு வருஷமாக ஒருத்தர் ஒரே விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னால் அது சிரிப்பு இல்லை.

ஏன் மங்கினார் என்பதற்குத் தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் ஜெபக்கனிக்குத் தெரியும். ஜெபக்கனி அந்தப் படத்தின் ஃபோகஸ் புல்லர், தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்கும்; கேமராவிலிருந்து நடிகர் கண் வரைக்கும் டேப் பிடித்து அளந்து, லென்ஸைத் திருகித் திருகி அவர்களைத் தெளிவாக வைத்திருப்பதுதான் அவள் வேலை. ஆயுத பூஜையன்று கேமராவுக்குச் சந்தனப் பொட்டு வைக்கச் சொன்னபோது புரொடக்ஷன் மேனேஜர், "ஒரு இடம் விடாம வையும்மா, போன வருஷம் வெளியில மட்டும் வச்சாங்க, உள்ள கோளாறாயிடுச்சு," என்று கூடவே நின்று விரட்ட, அந்தப் பெண்ணும் பயபக்தியாக லென்ஸைக் கழற்றி, லென்ஸ் போய் உட்கார்கிற உள் வளையத்தைச் சுற்றிலும் நாலு பொட்டு வைத்து, மேலே குங்குமமும் வைத்துத் திரும்பப் பூட்டிவிட்டாள். மூன்றாம் நாள் நடந்ததைப் பார்த்ததும் லென்ஸைத் திரும்பக் கழற்றினாள். வளையத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். கேமரா சரியாகிவிட்டது. சிகாமணி ஆகவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச் முடிந்ததும் சிகாமணி வீட்டுக்கு ஒரு பை பழத்தோடு வந்துபோனாள், பாவம் தங்கமான பெண் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

எங்கள் தெரு இதற்கெல்லாம் அசருகிற தெரு இல்லை. காலையில் ராஜா, மத்தியானம் பிச்சைக்காரன், சாயங்காலம் பிணம் என்று வேஷம் கட்டுகிறவர்கள் குடியிருக்கிற இடத்தில் ஒருத்தர் கொஞ்சம் கலங்கினால் என்ன குடி முழுகிவிடும்? முதல் வாரம் பார்க்கிறவர்களெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள், அடுத்த வாரம் சந்தேகம் தீராமல் கண் டாக்டரிடம் போனார்கள், அதில் நாலு பேருக்குப் புரை இருந்தது தெரிந்து ஆபரேஷனும் ஆகி, நாலு குடும்பமும் சிகாமணிக்கு ஸ்வீட் கொண்டுவந்து கொடுத்தது. ரேஷன் கடை மெஷின் அவர் கட்டைவிரலை வாங்க மறுக்க, கடைக்காரர் "சம்பூர்ணத்தம்மா விரல் வச்சா போதும்" என்று முடித்துவிட்டார். பால்காரர் இருமலை வைத்து அடையாளம் கண்டார், நாய்கள் வாசனையை வைத்து, நான் செருப்புச் சத்தத்தை வைத்து. சின்னப் பிள்ளைகள் ஈரத் துணியால் அவர் முழங்கையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, வராது போல என்று விளையாடப் போய்விட்டார்கள். அவர் போடுகிற சட்டையும் அவரோடு கலங்கும், கழற்றிக் கொடியில் போட்டால் தெளிந்துவிடும், அதனால் வண்டிக்காரர்கள் இடித்துவிடாமல் இருக்கச் சம்பூர்ணம் அவருக்குக் கிளிப்பச்சையில் நாலு சட்டை தைத்துப் போட்டாள், தூரத்தில் பச்சையாக ஒன்று அசைந்தால் சிகாமணி வருகிறார் என்று வண்டிகள் ஒதுங்கின.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், வேலையும் கூடியது. ஏஜெண்டுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரே ஆளை ஒரே சீனில் மூன்று இடத்தில் நடக்கவிடலாம், எவனும் கண்டுபிடிக்க முடியாது. "அந்த மங்கல் ஆள அனுப்புங்க," என்று கேட்டு வாங்கினார்கள். ஏஜெண்ட் தினமும் காலையில் கூட்டத்தைப் பார்த்து, "எவனும் கேமராவப் பாக்காதீங்க! பாத்தா மதியம் வீட்டுக்குப் போயிடலாம்!" என்று கத்துவார் இல்லையா, அதைக் கத்திவிட்டு, "சிகாமணி, நீ பாத்தாலும் பரவால்ல," என்று சேர்த்துக்கொள்வார். எல்லோரும் சிரிப்போம். சிகாமணியும் சிரித்திருப்பார். தெரியவில்லை.

அவரை ரொம்ப நேரம் பார்த்தால் கண்ணில் நீர் கட்டும், நெற்றி வலிக்கும். அதனால் நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்று பேசப் பழகிக்கொண்டோம். நானும்தான். அவருக்குத் தலை வார வேண்டிய நாட்களில் ஒரு தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த தலைக்குப் போய்விடுவேன். கண்ணாடியில் அவருக்கே அவரைத் தெரியவில்லை. கண்ணாடிக்கு ரொம்பக் கிட்டே போனால் வெள்ளெழுத்து. ஷேவ் பண்ணிவிடுவது சம்பூர்ணம். ஒருநாள்கூடக் கீறல் விழுந்ததில்லை. அதையாவது நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

"உனக்கு எப்படிடீ இருக்கு, சங்கடமா இல்ல?" என்று அவளிடம் கேட்டேன்.

"இன்னா சங்கடம்? எனக்கு நல்லாத்தான் தெரியிறாரு," என்றாள், ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டே.

கட்டின புருஷனை விட்டுக்கொடுக்காத பொம்பளை என்று நினைத்துக்கொண்டேன். தெருவும் அப்படித்தான் நினைத்தது.

பொங்கல் கழிந்து பத்து நாளிருக்கும். நிகிலன் என்று ஒரு டைரக்டர், இரண்டாவது படம், ஏஜெண்டின் பழைய ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர் ஒரு போட்டோவில் விரலை வைத்து, "இந்த முகம் வேணும்," என்றாராம். சிகாமணி தெளிவாக இருந்த காலத்துப் போட்டோ. சீன் இதுதான். பத்து வருஷம் கழித்து ஊருக்கு வருகிற ஹீரோவை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, சொந்த அண்ணனுக்கே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "உன்ன எனக்கு அடையாளம் தெரியுதுப்பா," என்று சொல்ல வேண்டும். ஒரே வரி. ஒரே ஷாட். க்ளோசப்.

ஏஜெண்ட் வாயைத் திறக்கவில்லை. ஆள் மங்கிவிட்டார் என்று சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? சொல்லாமல், ஷூட்டிங் அன்றைக்குக் காலையில் இன்னொரு ஆளையும் அதே வேஷத்தில் தயாராக உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார். ஷூட்டிங் வரைக்கும் இருந்த இரண்டு வாரமும் சிகாமணிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. குழாயடியில், பஸ் ஸ்டாப்பில், மாடிப்படியில், எங்கே பார்த்தாலும் ஒரு பச்சை மங்கல் நின்று, "உன்ன எனக்கு அடையாளம் தெரியுதுப்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒருநாள் என்னிடம் வந்தார்.

"பாக்கியம், கேமரால விழுவேனா?"

நான் தள்ளித்தான் நின்றேன். "விழுவீங்க, விழுவீங்க," என்றேன். பொய் சொல்கிறேன் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஷூட்டிங் அதே ஸ்டூடியோவில், பஸ் ஸ்டாண்ட் செட்டில், காலை ஒன்பது மணிக்கு. ஃபோகஸ் புல்லர் ஜெபக்கனி. கேமராமேன் புதுசாக ஒரு கேமரா எடுத்திருந்தார், முகத்தைக் கண்டால் தானாகவே பச்சைக் கட்டம் போட்டுப் பிடித்துக்கொள்ளுமாம், முகம் அசைந்தால் கட்டமும் கூடவே போகுமாம், மனுஷக் கை வேண்டாமாம். "கண்ணு எங்க இருந்தாலும் தேடிப் பிடிச்சிரும்," என்று பெருமையாகச் சொன்னார். சிகாமணி பெஞ்சில் உட்கார்ந்தார். பச்சைக் கட்டம் வந்தது. அவரைத் தாண்டிப் போய், பின்னால் நகைக்கடை விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் முகத்தில் உட்கார்ந்தது. விளம்பரத்தைக் கழற்றினார்கள். கட்டம் கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு, செட் வாசலில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த பூசணிக்காயில் வரைந்த மீசைக்கார முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு பூசணிக்காய்க்குக் கிடைத்த மரியாதை அந்த மனுஷனுக்குக் கிடைக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, டைரக்டர் கொடுத்துவிட்டார், கேமரா கொடுக்க மாட்டேன் என்கிறது.

நிகிலன் தலையைச் சொறிந்தார். நல்ல பையன், கத்தவில்லை. "சார், தப்பா நினைக்காதீங்க. லஞ்ச் வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள வரலேன்னா..." என்று நிறுத்தினார். மூலையில் அதே சட்டை, அதே துண்டோடு மாற்று ஆள் தயாராக உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். துணைக்கு வந்திருந்த சம்பூர்ணம் காஸ்ட்யூம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாக்கியக்கா, அவருக்குத் தலையக் கொஞ்சம் சரி பண்ணுங்க," என்றார் அசிஸ்டெண்ட். எதை எங்கே சரி பண்ணுவது? தொப்பியைக் கொடுத்துவிட்டு வர இந்தத் தடவை முடியாது. க்ளோசப். சீப்பை எடுத்துக்கொண்டு போனேன். கலங்கலுக்குள் எங்கே தலை, எங்கே காது என்று தெரியாமல் கையால் தடவிக்கொண்டே குனிந்தேன், இன்னும் குனிந்தேன், என் மூச்சு அவர் நெற்றியில் படுகிற அளவுக்குக் குனிந்தேன்.

ஐயோ!

முகம் இருந்தது. முழுசாக இருந்தது. வலது புருவத்தில் ஒற்றை நரைமுடி, தாடையில் எப்போதோ விழுந்த தழும்பு, உதட்டோரத்தில் நேற்றைய வெற்றிலைக் கறை, கண்ணில் நிரம்பி நின்ற தண்ணீர், எல்லாம் கழுவிவிட்ட மாதிரி துல்லியமாக இருந்தது. அரை அடி பின்னால் போனேன், புகை. முன்னால் வந்தேன், சிகாமணி. நாலு மாசம். நாலு மாசமாக இந்த மனுஷன் இங்கேயேதான் இருந்திருக்கிறார், நாங்கள்தான் ஆளுக்கு ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டிருக்கிறோம். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

"அடியே சம்பூர்ணம்!" என்று கத்தினேன். "இவரு உனக்கு எப்பவும் தெரியிறாரா?"

"நாலு மாசமா அதத்தான சொல்றேன், எவ கேட்டீங்க?" என்றாள் அவள்.

ஜெபக்கனி ஓடிவந்து குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள், திரும்பக் குனிந்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் சந்தனப் பொட்டு விவகாரம் வெளியே வந்தது. "லென்ஸ் உக்காருத வளையத்துக்கும் உள்ள இருக்க சென்சாருக்கும் ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர்க்கா, அதுல ஒரு தாள் கனம் மாறக் கூடாது. நான் வச்ச சந்தனம் காஞ்சு, லென்ஸ முன்னால தள்ளிட்டு. முன்னால தள்ளினா தூரத்துல உள்ளது தெரியாது, கிட்ட உள்ளதுதான் தெரியும். அண்ணாச்சி அப்படியே நின்னுட்டாவ."

"அப்போ அந்த ஹீரோவுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆவல?" என்று கேட்டேன்.

"ஹீரோவுக்கு நான் மானிட்டரப் பாத்துப் பாத்துச் சரி பண்ணிட்டேன். கூட்டத்துக்கு யாரு பண்ணுவாக்கா?" என்றாள்.

மற்ற முப்பத்தொன்பது பேரும் தப்பிவிட்டார்கள், முப்பத்தொரு வருஷமாகக் கரைந்துகொண்டிருந்தவர்தான் அகப்பட்டுக்கொண்டார். சிகாமணிதான், "அழாதம்மா, நீ சாமிக்குத்தான பொட்டு வச்ச," என்றார்.

அழுகை போதும், இனி வேலை. கேமராவை அவர் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்கள். அந்த லென்ஸ் மூன்றடிக்குள் எதையும் பார்க்காதாம். கிட்டப் பார்க்கிற லென்ஸ் ஒன்று ஜெபக்கனியின் பையிலேயே இருந்தது, அவள் சொந்தமாகப் பூ, பூச்சியெல்லாம் போட்டோ எடுக்க வைத்திருப்பது. ஆனால் அது போட்டோ கேமராவின் லென்ஸ், அதன் கழுத்து வேறு, இந்தக் கேமராவின் வாய் வேறு. இரண்டுக்கும் நடுவில் போட வளையமே கிடையாது என்றார் கேமராமேன், எந்தக் கடையிலும் செய்ய மாட்டான், சென்சாரை விட்டு ஏழு எட்டு மில்லிமீட்டர் தள்ளித்தான் நிற்கும். மணி பன்னிரண்டு. வேர்க்கடலைக்காரன் எழுந்து சட்டையை உதறிக்கொண்டான்.

ஜெபக்கனி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மாட்டாட்டா என்ன சார்? கையால பிடிச்சா போச்சு."

"ஏம்மா, விளையாடுறியா? இடைவெளில வெளிச்சம் பூரும். சென்சார்ல தூசி விழும்."

"தள்ளி நிக்கிறதாலதான் சார் அது தூரத்தப் பாக்காது. கிட்ட மட்டும் பாக்கும். நமக்கு அதுதான வேணும்?" என்று சொல்லிக்கொண்டே பெரிய லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, சின்ன லென்ஸை இரண்டு கையாலும் கேமராவின் திறந்த வாய்க்கு முன்னால் ஏந்திக்கொண்டாள். வெளிச்சம் புகாமல் இருக்க ஒரு துணி வேண்டும் என்றாள். முடி வெட்டும்போது கழுத்தில் கட்டுகிற என் கறுப்புத் துணியை உதறிவிட்டு அவள் கையையும் லென்ஸையும் கேமராவையும் சேர்த்துச் சுற்றினேன். ஏழு வருஷத்து முடித்தூள் அதில் இருந்தது. கேமராமேன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப தூரம் வேணும்," என்றாள். "சம்பூர்ணத்தக்கா, வாங்க. வீட்ல எங்க நின்னு அண்ணாச்சியப் பாப்பீங்களோ அங்க நில்லுங்க."

சம்பூர்ணம் வந்தாள். அத்தனை பேர் முன்னால் புருஷன் முகத்துக்கு எதிரே முகத்தைக் கொண்டுபோக முதலில் கூச்சப்பட்டாள், அப்புறம் கண்ணை இடுக்கிக்கொண்டு, ஷேவ் பண்ணிவிடும்போது நிற்கிற மாதிரி ஒரு இடத்தில் நின்றாள். ஜெபக்கனியின் டேப்பை நான்தான் பிடித்தேன். வழக்கமாக ஒரு முனை கேமராவில், மறுமுனை நடிகர் கண்ணில். அன்றைக்கு ஒரு முனை சம்பூர்ணத்தின் கண்ணோரத்தில், மறுமுனை சிகாமணியின் கண்ணோரத்தில். பதின்மூன்றரை அங்குலம். ஒன்றரைச் சாண். சம்பூர்ணம் விலக, அவள் கண் இருந்த இடத்தில் லென்ஸைக் கொண்டுவந்து வைத்தார்கள். மானிட்டரில் முதலில் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. ஜெபக்கனி கையை ஒரு நூல் முன்னால் தள்ளினாள், ஒரு நூல் சாய்த்தாள்.

வந்தார்.

மானிட்டர் முழுக்கச் சிகாமணி. யாரோ விசில் அடித்தார்கள். நிகிலன் எழுந்து நின்றுவிட்டார். "சார், டயலாக்," என்றார் மெதுவாக.

சிகாமணி வாயைத் திறந்தார், மூடினார். கண்ணைத் தூக்கவே மாட்டேன் என்கிறார். தரையைப் பார்க்கிறார், தன் துண்டைப் பார்க்கிறார், கேமரா இருக்கும் திசையை மட்டும் விட்டுவிட்டு உலகத்தையெல்லாம் பார்க்கிறார். முப்பத்தொரு வருஷம், தினம் காலையில், கேமராவைப் பார்க்காதே, கேமராவைப் பார்க்காதே. அது உடம்பில் ஊறியிருக்கிறது. "சார், இங்க பாருங்க சார்," என்கிறார் டைரக்டர். வேர்த்துக் கொட்டுகிறது. "வரல தம்பி," என்றார் சிகாமணி. "பாக்க வரல. நீங்க அந்த ஆளையே போட்டுக்குங்க." ஜெபக்கனியின் கை அசந்து லென்ஸ் இறங்கியது, மானிட்டரில் முகம் போய்ப் போய் வந்தது.

சம்பூர்ணம் யாரையும் கேட்கவில்லை. நேராக வந்து, தரையில் மண்டி போட்டு, லென்ஸோடு கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாத்துக்கு அங்க இங்க பாக்கிறே? என்னப் பாரு," என்றாள்.

அவர் பார்த்தார். தான் நின்ற கல்யாணத்துக்கும் சந்தைக்கும் சாவுக்கும் ஊர்வலத்துக்கும் தியேட்டரில் எழுந்து நின்று மஞ்சள் கறையைக் காட்டிக் கத்தினவளை, ஒன்றரைச் சாணில் பார்த்தார்.

"உன்ன எனக்கு அடையாளம் தெரியுதுப்பா," என்றார்.

'ப்பா' என்று முடித்தாரா, வேறு ஏதாவது சொன்னாரா என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, ஏனென்றால் நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். கட் சொல்ல வேண்டிய டைரக்டர் கட் சொல்லவில்லை. ஜெபக்கனிதான் கடைசியில், "சார், கை வலிக்கி," என்றாள்.

படம் வந்தபோது தெருவே கிளம்பி மேட்னிக்குப் போனது. முதல் வரிசைக்குத்தான் டிக்கெட் கேட்டோம், டிக்கெட் கொடுக்கிறவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆறு செகண்டு. நாற்பது அடி முகம், புருவத்து நரைமுடி கயிறு தடிமன். ஓரத்தில் என் கறுப்புத் துணியிலிருந்து விழுந்த ஒரு முடித்தூளும் தெரிந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை. சம்பூர்ணம் எழுந்து நிற்கவே இல்லை. யாருக்கும் எதையும் காட்ட வேண்டிய அவசியம் இல்லாமல், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சிகாமணி தெளிந்துவிட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. இன்றைக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை மங்கல்தான். ஆனால் தூரம் தெரிந்துவிட்டதே. ரேஷன் கடைக்காரர் கவுண்டரைத் தாண்டித் தலையை நீட்டி, "வாங்கண்ணே" என்கிறார். பால்காரர் வண்டியை நிறுத்தி இறங்கி முகத்துக்கு முகம் வைத்துப் பேசுகிறார். படம் பார்த்துவிட்டு எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் போன் எடுத்தால், "அதுல வராது கண்ணு, கிட்ட வா," என்று கூப்பிட்டுக்கொள்கிறார், அவர்களும் வருகிறார்கள், ஒருத்தருடைய மூச்சு ஒருத்தர் மேல் படுகிற மாதிரி நின்று பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வந்ததை மறந்துவிட்டுப் போகிறார்கள். பூண்டு தின்றவனும் வருகிறான், அதையும் பொறுத்துக்கொள்கிறார் மனுஷன். தலை வார வேண்டிய நாட்களில் நான் தொப்பி கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு, சம்பூர்ணம் அவருக்கு ஷேவ் பண்ணிவிட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தால், வழக்கத்தைவிடக் கிட்டே நிற்கிறாள். இன்னும் கொஞ்சம் குனிந்தால் அவள் நெற்றி அவர் நெற்றியில் இடிக்கும். தாடையில் ஒரு சின்னக் கீறல், ரத்தம் எட்டிப் பார்க்கிறது. அவள் கையால் அவருக்குக் கீறல் விழுந்து நான் பார்த்ததே இல்லை.

"ஏண்டி இவ்ளோ கிட்ட? ஒன்றரைச் சாண்தானே உன் தூரம்?"

"இருந்துச்சு," என்றாள். "இப்பத்தான் ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் அங்க வந்து நிக்கிறீங்களே. எனக்குன்னு ஒரு இடம் வேணாமா? அதான் ஒரு சாணுக்கு வந்துட்டேன்."

"ஒரு சாண்ல தெரியிறாரா?"

ரேசரை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். கண்ணை இடுக்கி, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெரியல," என்றாள். "மங்கலாத்தான் இருக்காரு."

சொல்லிவிட்டு, கட்டைவிரலால் அந்தக் கீறலைத் தடவித் தேடிக் கண்டுபிடித்து, துண்டால் ஒற்றிவிட்டு, அங்கேயே நின்றாள்.